பல்லால் கட்டிய பச்சை நாடா

கடைசியாக எந்த அப்பாவைப் பார்த்து, "நீங்க பிள்ளையை எந்த முறையில வளர்க்குறீங்க?" என்று கேட்டீர்கள்? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ஞாபகம் வரவில்லையா? வராது. கேட்டிருந்தால்தானே வரும்? பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டாலே அப்பாவுக்குப் 'பொறுப்பான மனுஷன்' என்று பட்டம் கட்டி அனுப்புகிறோம். அம்மாவுக்கு மட்டும் தினமும் பரீட்சை. கேள்வித்தாள் யார் கையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அப்படிப் பரீட்சை எழுதிய ஒருத்தியின் கதை இது. அவள் பாஸானாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் குரலக்கா. கண்டக்டர்கள், பூக்காரி, கழிப்பறையில் காசு வாங்குகிறவர் என எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முகம் தெரியாதவர்களுக்குக்கூட குரல் தெரியும். நடைமேடைகளுக்கு மேலே, மாடியில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் அவளுக்கு வேலை. மேஜையில் மைக், சிவப்பு சுவிட்ச், வெந்நீர் பிளாஸ்க். தலைக்கு மேல் மின்விசிறி உண்டு, ஆனால் அறிவிப்பு சொல்லும்போது அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் கடகடப்பு ஊர் முழுக்கக் கேட்கும். அதனால் கீழே ஜனங்கள் கேட்ட அந்தக் குளிர்ந்த குரல், மேலே வியர்வை வழிய உட்கார்ந்திருந்த ஒருத்தியிடமிருந்து வந்தது. முதலில் 'டிங் டாங்' என்று மணி, பிறகு "பயணிகளின் கவனத்திற்கு". தேன் தடவிய மாதிரி இருக்கும்.

அவளிடம் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று இந்தத் தேன் குரல். இன்னொன்று அதைவிடத் தாழ்ந்து, அதைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தரையில் பூவை வைப்பதுபோல வைக்கிற குரல். கெட்டது ஏதாவது நடந்தால்தான் அது வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சியில் அதைப் பழக்கினார்கள். கீழே தீப்பிடித்தாலும் சரி, குரலில் புகை வரக் கூடாது என்றார்கள். கூட்டம் பயந்து ஓடினால் விபத்தில் அடிபடுகிறவர்களைவிட மிதிபடுகிறவர்கள் அதிகம் என்றார்கள். நியாயமான பேச்சுதான். அவளும் பழகிக்கொண்டாள். நாளாக ஆக, பயம் வந்தாலே தானாக அந்தக் குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் மகளை அந்த அறைக்கு அழைத்து வந்திருந்தாள். மகளுக்கு வீட்டில் கொசு என்று பெயர். உருவம் அப்படி, காதோரம் நிற்காத ரீங்காரமும் அப்படி. இரண்டாம் வகுப்பு. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள், கீழே பெரிய சத்தம் கேட்டதும் எழுந்து கண்ணாடியில் மூக்கை வைத்தாள். பிரேக் பிடிக்காத பேருந்து ஒன்று மூன்றாவது நடைமேடைமேல் ஏறி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை இடித்துத் தள்ளியிருந்தது. குரலக்கா மின்விசிறியை நிறுத்தினாள், சுவிட்சைப் போட்டாள்.

"மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும் பேருந்துகள் சற்றுத் தாமதமாகும். பயணிகள் பொறுமையுடன் ஒத்துழைக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

அறைக்குள் ஓடி வந்த டைம் கீப்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அந்த மனுஷன் போயிட்டாரும்மா, பார்த்தேன்," என்றார். பிறகுதான் கொசுவைக் கவனித்தார். பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தார்.

"பாத்தியா பாப்பா, உங்கம்மா எவ்வளவு அழகாச் சொன்னாங்க! இந்தக் குரல் வந்துச்சுன்னா என்னமோ பெருசா ஆயிடுச்சுன்னு அர்த்தம். கீழ இருக்கிற யாருக்கும் தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும். யார்கிட்டயும் சொல்லாத, சரியா?"

கொசு தலையாட்டினாள். மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளிடம் நாம் விளையாட்டாகப் போடுகிற விதை எந்தச் சுவரைப் பிளந்துகொண்டு வரும் என்று யார் கண்டார்கள்?

வீட்டில் குரலக்காவுக்கு மூன்றாவதாக ஒரு குரல் இருந்தது. அது சாதாரண அம்மாக் குரல். "ஏய் கொசு, சோப்பை எடுத்துத் தின்னுட்டியா என்ன, இவ்வளவு நேரம்?" என்று குளியலறைக் கதவைத் தட்டுகிற குரல். கத்துவாள், சிரிப்பாள், பாதியில் சமாதானம் ஆகிவிடுவாள். கொசுவும் பதிலுக்குக் கத்துவாள். கணவன் டிப்போ பணிமனையில் மெக்கானிக். இன்ஜின் சத்தத்திலேயே கிடந்தவன் என்பதால் இவர்கள் சத்தம் அவனுக்குத் தாலாட்டு. நடுவில் நிம்மதியாகத் தூங்குவான். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் பயப்பட்டதில்லை.

எல்லாம் பள்ளிக்கூட வாசலில்தான் ஆரம்பித்தது.

பள்ளி விட்ட நேரம். கொசு அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் பக்கத்தில் வருகிற காரைப் பார்க்காமல் சாலையில் இறங்கி ஓடி வந்தாள். குரலக்கா கத்தினாள்.

"ஏய்! நில்லுடி அங்கேயே!"

மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்டது. கொசு ஆணி அடித்த மாதிரி நின்றாள். கார் அவள் பாவாடையை உரசாத குறையாகப் போய் நின்றது. ஓடிப் போய்ப் பிள்ளையை இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள், உடனே கட்டிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நின்ற அம்மாக்கள் அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரை யாரும் பார்க்கவில்லை. கார் ஓட்டி வந்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்து அவள் தோளைத் தொட்டார். சிரித்த முகம், இஸ்திரி மடிப்புக் கலையாத உடை. எல்லோரும் அவரை மேடம் என்றார்கள்.

"உங்களுக்குப் பயம் வந்துச்சு. அதைக் கோபமா வெளியில காட்டிட்டீங்க. பரவாயில்ல, இது உங்க தப்பு இல்ல. உங்களையும் அப்படித்தான் வளர்த்திருப்பாங்க. எங்க குழுவுக்கு வாங்களேன்."

செத்துப்போன தன் அம்மாவையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் திட்டிவிட்டு மன்னிப்பும் கொடுத்துவிட்டார் என்று குரலக்காவுக்கு அப்போது விளங்கவில்லை. முகம் சிவந்து, "வரேங்க மேடம்," என்றாள்.

குழுவுக்குப் 'பொறுமை அம்மாக்கள்' என்று பெயர். ஞாயிறு காலையில் பூங்காவில் கூடுவார்கள். அதில் சேராவிட்டால்தான் என்ன என்று நீங்கள் கேட்கலாம். குரலக்காவுக்கு மாலை ஷிப்ட் வரும் வாரங்களில் கொசுவைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் கிடையாது. அந்தக் குழுவின் அம்மாக்கள் முறை வைத்து ஒருவர் பிள்ளையை இன்னொருவர் அழைத்துப் போவார்கள். கொசுவின் ஒரே சிநேகிதிகளான இரட்டையர்களின் அம்மாவும் அதில்தான் இருந்தாள். குழுவுக்கு வெளியே நின்றால் பிள்ளை வாசலில் தனியாக நிற்கும். ஒரு அம்மாவை மடக்குவதற்கு இதைவிடப் பெரிய கயிறு எதற்கு?

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வாரம் முழுக்கப் பிள்ளையிடம் குரலை உயர்த்தாத அம்மாவின் கைப்பையில் ஒரு பச்சை நாடா கட்டப்படும். கட்ட வேண்டியது அந்தப் பிள்ளை. மேடம் எல்லோர் முன்னாலும் பிள்ளையைக் கேட்பார், பிள்ளை சாட்சி சொல்லும். நாடா உள்ள அம்மாவை நம்பித்தான் மற்றவர்கள் தங்கள் பிள்ளையை அனுப்புவார்கள். நாடா இல்லாதவளிடம் அனுப்பக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. "இன்னைக்கு என் பிள்ளைக்கு லேசா சளி, நானே வந்துக்கிறேன்," என்பார்கள், அவ்வளவுதான்.

பிள்ளையை அடிக்காமல், அலறாமல் வளர்க்க வேண்டும் என்பதில் அறிவுள்ள யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் பெற்றவளுக்கு எதிராகப் பெற்ற பிள்ளையைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பது எந்த ஊர் அன்பு? அந்தப் பூங்காவில் ஒரு அப்பாவின் பைக்கும் நாடா கட்டப்படவில்லை. அப்பாக்கள் அந்நேரம் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கத்தினார்களா என்று எந்தப் பிள்ளையிடமும் யாரும் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு மேடம் கொசுவின் முன் குனிந்தார். "சொல்லு கண்ணா, இந்த வாரம் அம்மா கத்தினாங்களா?"

"ஓ! கத்தினாங்களே! பாத்ரூம் கண்ணாடியே ஆடுச்சு!" என்றாள் கொசு, பெருமையாக. அவளைப் பொறுத்தவரை அது அம்மாவின் திறமை.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் கெட்டதில்லை என்று காட்டுவதற்காக இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள். குரலக்காவும் சிரித்தாள். வீடு வரும்வரை பிள்ளையின் கையைப் பிடித்த பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது.

"அம்மா, வலிக்குது. ஏன் பேச மாட்டேங்குற?"

"அங்க போய் அப்படிச் சொல்லலாமா?"

"நீதானே பொய் சொல்லாதேன்னு சொன்ன?"

மறுநாளிலிருந்து தேன் குரலை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். "கண்ணா, இப்போது நாம் பல் தேய்க்கலாமா?" கொசு கண்ணை விரித்துப் பார்த்தாள். பிறகு, "டிங் டாங்! பயணிகளின் கவனத்திற்கு, கொசு பல் தேய்க்கப் போகிறாள்!" என்று கூவிக்கொண்டு ஓடினாள். மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னடி இது, வீட்டுக்குள்ள பஸ்ஸு வருதா?"

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கென்ன, உங்களை யாராவது கேக்குறாங்களா?"

"என்னை என்ன கேக்கணும்?"

உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. பாவம் என்று சொல்ல மாட்டேன். புரியாமலே இருக்க முடிந்தது அவனுடைய வசதி.

சில வாரங்களில் கொசுவும் தேறினாள். கேள்வி கேட்கப்படும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "இல்ல மேடம், கத்தல," என்று சொல்லப் பழகினாள். பழக்கியது அம்மாதான். சனிக்கிழமை மாலைகளில், விளையாட்டு மாதிரி, "மேடம் கேட்டா என்ன சொல்லுவ?" என்று. பொய் சொல்லாதே என்று கற்றுக்கொடுத்த அதே வாய். நாடா கிடைத்தது. கொசுவை அழைத்து வரும் முறையும் சிக்கலில்லாமல் ஓடியது. ஆனால் வீட்டில் ரீங்காரம் குறைந்துவிட்டது. அது பிள்ளைக்குப் பக்குவம் வருகிறது என்று குழுவில் சொன்னார்கள். அவளும் நம்ப முயன்றாள்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது.

பூங்காவில் பிள்ளைகள் தொங்கி விளையாடும் இரும்புக் கம்பிகள் இருந்தன. அம்மாக்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அன்று புதிதாகச் சேர வந்தவர்களும் இருந்ததால் மேடம் கூடுதல் உற்சாகத்தில் பேசிக்கொண்டிருந்தார். "பிள்ளை விழுந்தா ஓடாதீங்க. 'எங்க அடிபட்டுச்சு, என்ன ஆச்சு'ன்னு கேள்வி கேட்டுக் குடையாதீங்க. முதல்ல கண்ணுக்கு நேரா உட்காருங்க. அவங்க மனசுல என்ன இருக்குன்னு எடுத்துச் சொல்லுங்க. அப்புறம் காத்திருங்க."

அதற்காகவே காத்திருந்த மாதிரி, கம்பியிலிருந்து கொசு விழுந்தாள்.

கையை ஊன்றி விழுந்தாள். 'அம்மா' என்ற அலறல் பூங்காவின் மறு ஓரம்வரை போனது. குரலக்காவின் கால் ஓடுவதற்கு எழுந்துவிட்டது. அதற்குள் மேடம் மெல்லக் கையை உயர்த்தி, புதியவர்களைப் பார்த்து, "இப்ப பாருங்க, கொசு அம்மா எப்படிக் கையாளுறாங்கன்னு," என்றார். ஒருத்தி அலைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

குரலக்கா நடந்து போனாள். ஓடவில்லை, நடந்தாள். மகளின் முன் மண்டியிட்டாள். வாயைத் திறந்தபோது அவள் நினைத்தது தேன் குரலைத்தான். வந்தது மற்றது. பயம் வந்தாலே தானாக வந்து உட்காரும் அந்தத் தாழ்ந்த, மெதுவான குரல்.

"உனக்குப் பயமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. பரவாயில்லை. அம்மா இங்கேயே இருக்கிறேன்."

கொசுவின் அழுகை சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. முகம் வெளுத்துப் போனது. அம்மாவையே பார்த்தாள். பிறகு, சுற்றி நின்றவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா," என்றாள்.

"பார்த்தீங்களா! அழுகை நின்னுடுச்சு!" என்று மேடம் நெகிழ்ந்து போனார். யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

"கொசு, இன்னைக்கு அம்மாவுக்கு நாடா நீயே இப்பவே கட்டு கண்ணா," என்று நாடாவைக் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

கொசு இடது கையால் வாங்கினாள். கைப்பையின் பிடியில் சுற்றினாள். முடிச்சுப் போட வலது கையைக் கொண்டு வந்தாள். விரல்கள் நாடாவைப் பிடிக்கவில்லை, நடுங்கின. திரும்பவும் முயன்றாள். கடைசியில் குனிந்து, நாடாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறு முனையை இடது கையால் இழுத்து முடிச்சை இறுக்கினாள்.

"விடாமுயற்சியைப் பாருங்க!" என்றது ஒரு குரல். அலைபேசி படம் பிடித்துக்கொண்டது.

குரலக்கா அந்த விரல்களைப் பார்த்தாள். இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தெரியாமல் நடந்தது என்று சொல்ல அவளுக்கே வழியில்லை. விரல்கள் நடுங்கியதைப் பார்த்தாள், ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அந்தக் கையை எடுத்துப் பார்த்திருக்கலாம். எடுத்தால் வட்டம் கலையும், கைதட்டல் பாதியில் நிற்கும். "மெதுவாக் கட்டு கண்ணா, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது கொசு இடது கையால் சாப்பிட்டாள்.

"கையை மாத்து கொசு."

"இந்தக் கை தூங்குதும்மா."

சட்டையின் கைப்பகுதியைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டு வீங்கி, ஊதா படர்ந்து, இன்னொருத்தியின் கை மாதிரி இருந்தது. காலையிலிருந்து பிள்ளை முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டு ஒரு பக்கம் உருண்டது.

"ஏன் கண்ணா சொல்லல? காலையிலயே ஏன் சொல்லல?"

கொசு குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"நீ அந்தக் குரல்ல பேசினியே. மூணாவது பிளாட்பாரம் குரல். அது வந்தா பெருசா ஆயிடுச்சுன்னு அர்த்தம், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அந்த அங்கிள் சொன்னாரே. அதான் நானும் சொல்லல." வீங்கிய கையைப் பார்த்தாள். "அம்மா, நான் சாகப் போறேனா?"

காலையிலிருந்து ஒரு குழந்தை இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, விளையாடுவதுபோல உட்கார்ந்து, படம் வரைவதுபோலக் குனிந்து, பெற்றவளைப் பதற வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது!

"யாருடி சொன்னா உனக்கு! வாயைக் கழுவு! யாராவது கை வீங்கிச் செத்திருக்காங்களா? கொசு! மண்டு! லூசுப் பொண்ணே!"

பக்கத்து வீட்டில் கதவு திறந்த சத்தம் கேட்டது. மெக்கானிக் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்தான். அம்மா தொண்டை கிழியக் கத்தினாள், கத்திக்கொண்டே அழுதாள். கொசு ஒரு கணம் அவள் வாயையே பார்த்தாள். பிறகு அந்தச் சின்ன உடம்பு அப்படியே தளர்ந்தது. "வலிக்குதும்மா! ரொம்ப வலிக்குது!" என்று காலையில் நிறுத்தி வைத்த அழுகையை முழுக்க எடுத்து அம்மாவின் மடியில் கொட்டினாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் விரிசல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார், "எப்ப விழுந்தா?"

"காலையில."

"காலையிலயா? இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? ஒரு தாய் இதைக்கூடக் கவனிக்கலேன்னா எப்படி?"

அந்தக் கேள்விக்கு அவள் தகுதியானவள்தான். தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். ஆனால் அதே வீட்டில், அதே பிள்ளையோடு, காலையிலிருந்து இருந்த இன்னொரு ஆள் அவள் பக்கத்தில் நின்றிருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மருந்து வாங்கிக்கொண்டு அவன் வந்தபோது நர்ஸ் சொன்னார், "அப்பாவே ஓடி ஓடிப் பார்க்குறாரே, கொடுத்து வெச்ச பிள்ளை." பிறகு குரலக்காவின் கைப்பையைப் பார்த்து, "நாடா அழகா இருக்கே, யார் கட்டினது?" என்றார். அவள் பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் படம் வந்திருந்தது. கொசு குனிந்து, நாடாவைப் பல்லால் கடித்து இழுக்கிற படம். கீழே, 'அன்பு கட்டிய முடிச்சு' என்று எழுதியிருந்தார்கள். வரிசையாக இதயக்குறிகள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு கொசு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நான் சிரிக்கிறேன்னு நெனச்சிருக்காங்க. நான் கடிச்சேன்மா."

குரலக்கா அன்றே குழுவில் எழுதினாள். எழுதி எழுதி அழித்து, கடைசியில் இதைத்தான் அனுப்பினாள்: 'அந்த நேரத்தில் கொசுவின் கை உடைந்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது, உங்கள் முன்னால் கௌரவம் போய்விடும் என்று பார்க்காமல் விட்டேன். நாடாவுக்காகப் பிள்ளையைப் பொய் சொல்லவும் பழக்கினேன். தயவுசெய்து படத்தை எடுத்துவிடுங்கள்.'

பிறகு மேடம் பதில் அனுப்பினார்: 'உங்கள் நேர்மை எங்களை நெகிழ வைக்கிறது. அடுத்த ஞாயிறு வந்து, இதிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டதை எல்லோருக்கும் சொல்லுங்களேன். படம் மற்ற கிளைக் குழுக்களுக்கும் போய்விட்டது, அங்கெல்லாம் மிகவும் விரும்புகிறார்கள்.'

மாலையில் இரட்டையர்களின் அம்மா போன் செய்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற சத்தம்.

"கொசு அம்மா, கை எப்படி இருக்கு? நான் ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்க. என் ரெண்டும் மிட்டாய் வாங்கிட்டுத்தான் சாட்சி சொல்லும். ஒண்ணுக்குக் கொடுத்தா இன்னொண்ணு மிரட்டும்."

குரலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "இதைக் குழுவுல சொல்லுவீங்களா?"

அவள் அவசரமாகப் பேச்சை மாற்றினாள். "இல்ல... நாளைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர முறை யாரோடது? உங்களோடதா? பரவாயில்ல, என் பசங்களுக்கு லேசா சளி. நானே போய்க்கிறேன்."

குரலக்கா குழுவிலிருந்து விலகினாள். கொசுவை அழைத்து வர வழியில்லாமல் மெக்கானிக் தன் ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கினான். அன்றிலிருந்து பள்ளி வாசலில் அவன்தான் நிற்கிறான். மகளுக்காக ஷிப்டையே மாற்றிக்கொண்ட மனுஷன் என்று டிப்போ முழுக்க அவனைத் தூக்கி வைத்துப் பேசியது. இத்தனை வருஷம் அந்த ஷிப்டுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவளைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவன் மட்டும் ஒரு நாள் வாசலில் நின்றுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்து சொன்னான். "அந்த வாசல்ல நிக்கறப்போ எல்லாரும் சிரிச்சுப் பேசுறாங்கடி. ஏன்னு யோசிச்சேன். என்கிட்ட யாருக்கும் எதிர்பார்ப்பே இல்ல."

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், கை கூடிவிட்டது. வீட்டில் ரீங்காரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. ஆனால் 'டிங் டாங்' என்று மட்டும் கொசு இப்போது சொல்வதில்லை. குரலக்கா இன்றும் அந்தக் கண்ணாடி அறையில்தான் வேலை பார்க்கிறாள். கீழே ஏதாவது அசம்பாவிதம் என்றால் மின்விசிறியை நிறுத்திவிட்டு அந்த இரண்டாவது குரலில்தான் பேசியாக வேண்டும். பேசி முடித்ததும் எழுந்து கண்ணாடி ஓரம் போய் நிற்கிறாள். நடைமேடைக் கூட்டத்தில் எங்காவது ஒரு சின்னப் பெண் பயந்துபோய் மேலே அண்ணாந்து பார்க்கிறாளா என்று தேடுகிறாள். பச்சை நாடாவைப் பையிலிருந்து அவிழ்க்க முயன்றாள், முடியவில்லை. பல்லால் இறுக்கிய முடிச்சு அது. கத்தரிக்கவும் மனம் வராமல், பையை அலமாரியின் அடித்தட்டில் போட்டு வைத்திருக்கிறாள்.

படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தெந்த ஊர் அம்மாக்களின் அலைபேசியிலோ, 'இப்படி அல்லவா பிள்ளை வளர்க்க வேண்டும்' என்று இன்னொருத்தியைக் குத்திக்காட்ட அது போய்க்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் வரலாம். வந்தால் இதயக்குறி போடாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். விரல் வைத்துப் பெரிதாக்கி அந்தப் பெண்ணின் வலது கையைப் பாருங்கள். பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடம், அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை என்று சொல்லுங்கள்.